100 சதவீதத் தேர்ச்சியில் காணாமல் போனவர்கள்: நர்சிங் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்க்கைக் காலம் வந்தால் நர்சிங் கல்லூரி பேனர்களில் "100 சதவீதத் தேர்ச்சி" என்ற வரி பளிச்சிடும். அதைப் படிப்பை முடித்தவர்களின் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு. அது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. 60 பேர் சேர்ந்து, 12 பேர் இடையில் நின்று, மீதி 48 பேரும் இறுதித் தேர்வில் தேறினாலும் தேர்ச்சி 100 சதவீதம்தான். படிப்பை முடித்தவர்களோ 80 சதவீதம். அந்த 12 பேரைப் பற்றி எந்தப் பேனரும் பேசாது. எனவே, "நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு முடிக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் பதில் வராவிட்டால் மூன்றாமாண்டு மாணவிகளிடம் விசாரியுங்கள். தங்கள் வகுப்பில் யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நின்றவர்களைப் பற்றி "படிப்பு ஏறவில்லை" என்று ஊர் எளிதாகச் சொல்லிவிடுகிறது. பல பிள்ளைகளை வீழ்த்துவது வருகைப்பதிவு. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங் தேர்வு எழுதப் பாடத்திலும் செய்முறையிலும் குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். எந்தக் காரணத்துக்காக விடுப்பு எடுத்தாலும் இதே கணக்குதான். மருத்துவச் சான்றிதழ் குறையை ஈடுகட்டாது. பட்டம் பெறும் முன் வார்டு போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் செய்யும் பயிற்சியின் நேரத்தை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். மற்ற கல்லூரிகளில் படிக்கும் அண்ணன், அக்காவைப் போல அத்தை மகள் திருமணத்துக்கு ஒரு வாரம், திருவிழாவுக்கு நான்கு நாள் என்று வீட்டார் பிள்ளையை அழைத்துவிடுகிறார்கள். பிறகு டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்தால், தேர்வுக்கு உட்கார முடியாமல் போகிறது. உடன் படித்தவர்கள் அடுத்த பருவத்துக்குப் போக, அவமானத்தில் பெட்டியைக் கட்டுகிறவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை வருகைக் கணக்கையும் ஈடுசெய்ய வேண்டிய போஸ்டிங் நேரத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கு முதல் பருவமே மலை. உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் வந்து இறங்கும். புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு மனப்பாடத்தில் தப்பிக்கப் பார்ப்பது பெரிய தவறு. எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறைத் தேர்வில் நோயாளியின் பக்கத்தில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்கும்போது மனப்பாடம் கைகொடுக்காது. உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் எந்தக் குறைவும் இல்லை. அரியரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் கூடாது. முந்தைய தாள்களை முடிக்காதவருக்கு இறுதித் தேர்வு இல்லை.

அடுத்த ஆண்டு நீட் எழுதும் எண்ணத்தோடு, அதுவரை இருக்கட்டும் என்று நர்சிங்கில் சேர்க்காதீர்கள். பிள்ளைக்கு இரண்டிலும் மனம் நிற்காது. நடுவில் விட்ட இடமும் வீணாகிறது.

பணக் கணக்கைக் கல்விக் கட்டணத்தோடு முடித்துவிடுவதும் தவறு. ஹாஸ்டல், சீருடை, ரெக்கார்டு, மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் செலவு எல்லாம் சேரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை பிணைச் சொத்து கேட்பதில்லை. கையிருப்பு தீரும்வரை காத்திருக்காமல் முதல் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள். அதற்கும் முன், அந்தப் படிப்பை முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று உறுதிசெய்யுங்கள். பெயரில் "நர்சிங்" இருப்பதால் மட்டும் எல்லாச் சான்றிதழ்களும் நர்சாக்கிவிடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. தன் கண்முன்னே ஒரு நோயாளி இறந்த அன்று, அந்த 18 வயதுப் பெண் வீட்டுக்கு போன் செய்து அழுதால், "பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு" என்றோ "இதற்கெல்லாமா அழுவாய்?" என்றோ சொல்கிறோம். இரண்டும் வேண்டாம். அவள் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். வார்டு பொறுப்பு ஆசிரியையிடமும் பேசச் சொல்லுங்கள். அன்றைக்கே எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. சில வாரங்கள் கழித்தும் படிப்பை விடுவதே சரி என்று அவளுக்குத் தோன்றினால், சொல்லாமல் வராமல் இருந்துவிடக் கூடாது. கல்லூரிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மீண்டும் சேரும் விதிகளைக் கேட்டு வாங்கி, அசல் சான்றிதழ்களைக் கையில் பெற்றுக்கொண்டே வெளியேற வேண்டும்.