பட்டாளத்து டிரெய்லரை வீட்டு வண்டியில் பூட்டுவதற்கு முன்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: ஏலத்தில் பட்டாளத்து டிரெய்லர் வருகிறது, எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். 17 ஆண்டுகள் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய நானும் ஒன்றை ஜீப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஆனால் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். இழுக்கப்போகும் வண்டியின் எடையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னுடையது இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்கென்று செய்யப்பட்ட கால் டன் டிரெய்லரின் மாதிரி. அதற்கு அனுமதித்த சுமை 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. இதை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். ரப்பர் பால் தண்ணீரைவிடச் சற்று லேசு. ஆனாலும் 200 லிட்டர் பீப்பாய் நிறைந்தால் பால் மட்டும் 195 கிலோ வரும், பீப்பாயின் எடை வேறு. ஆக, ஒரு பீப்பாயோடு சரி. தொட்டியில் இன்னும் இரண்டு பீப்பாய்க்கு இடம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த இடம் வாழை இலைக்கும், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுபாலுக்கும் உரியது.

நான் இதைக் கற்றது ஒரு மழைக்காலக் காலையில். அவசரத்தில் மூன்று பீப்பாய் ஏற்றினேன், அவற்றில் இரண்டு ஆக்சிலுக்குப் பின்னால் நின்றன. மேட்டில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் டிரெய்லரின் வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. நான் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் இரட்டிப்பானது. ஓடையில் ஒரு சக்கரம் இறங்கிய பிறகுதான் நின்றது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வராதது கடவுள் செயல். அப்படி ஆடினால் செய்ய வேண்டியது ஒன்றே: ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. பிரேக் வேண்டாம், வேகத்தைக் கூட்டவும் வேண்டாம்.

ஆட்டமே வராமல் இருக்க, டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது டிரெய்லரின் முனையில் உள்ள இழுவை வளையத்தில் இறங்க வேண்டும். இதை அளக்க ரப்பர் ஷீட் எடைபோடும் தராசு போதும். சுமை ஏற்றிய டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜீப்பின் கொக்கி இருக்கும் உயரத்தில் வளையம் தராசின் மேல் நிற்கும்படி முட்டுக் கொடுங்கள். மொத்தம் 450 கிலோ என்றால் தராசு 45 முதல் 65 வரை காட்ட வேண்டும். குறைந்தால் சுமையை முன்னால் நகர்த்துங்கள். பீப்பாய் பாதி நிறைந்ததாக இருக்கவே கூடாது. பால் உள்ளே அலைந்து ஒவ்வொரு வளைவிலும் வண்டியைத் தள்ளும்.

இந்தச் சிறிய டிரெய்லரில் இருப்பது நிறுத்தி வைப்பதற்கான கை பிரேக் மட்டும். ஓடும்போது நிறுத்துவது முழுக்க ஜீப்பின் வேலை. அதனால் சுமையோடு சேர்த்து டிரெய்லரின் எடை ஜீப்பின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது என் விதி. ஒரு டன் டிரெய்லரை ஜீப்பில் பூட்டுகிறேன் என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அது ஏலத்தில் வந்த ஒரு டன் நிசான் லாரிக்கோ அதற்கு ஈடான வண்டிக்கோ பின்னால் போக வேண்டியது. அதிலும் டிரெய்லரின் சொந்தப் பிரேக் வேலை செய்தால் மட்டும்தான்.

அடுத்தது கொக்கி. பட்டாளத்து டிரெய்லரின் முனையில் இருப்பது கனத்த இரும்பு வளையம். என்னுடையதன் உள்விட்டம் 76 மில்லிமீட்டர். அதற்குத் தாடைபோல் மூடிப் பூட்டும் பின்டில் கொக்கிதான் பொருந்தும். பிக்கப் வண்டிகளில் இருக்கும் உருண்டைக் கொக்கியில் மாட்ட வழியில்லை. பட்டறையில் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். பின்டிலை வாங்கி, வெறும் பம்பரில் வைக்காமல், இரண்டு சேசிஸ் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போடுங்கள். பூட்டிய பிறகு டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். கொக்கி உயரமாக இருந்து மூக்கு மேலே தூக்கினால் எடை பின்னால் சாயும். தாடையில் பூட்டு ஊசியைக் கட்டாயம் செருகுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் வளையத்துக்குக் கீழே குறுக்காகப் போட்டால், வளையம் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாது.

விளக்கில் பலர் ஏமாறுகிறார்கள். பட்டாள வண்டிகள் பலவும் 24 வோல்ட், நம் ஜீப்பும் பிக்கப்பும் 12. 24 வோல்ட் பல்பு ஜீப்பில் மங்கலாக எரியும். மாற்றிப் போட்டால் 12 வோல்ட் பல்பு உடனே போய்விடும். இரண்டு வகை வண்டியிலும் இழுப்பவர்கள் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் எல்.இ.டி. விளக்கு போடலாம். எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள். கொக்கி இரும்புதானே என்று அதை நம்பினால் ஒவ்வொரு குலுக்கலிலும் விளக்கு அணையும்.

டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் கட்டைகள், தேயாமல் புதிதுபோல் இருக்கும். ஆனால் டயரின் வயதைப் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும். பக்கம் வெடித்திருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பழைய ஜீப் வகைகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடமறையாக, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால் கழலும்படி இருக்கும், 'எல்' என்று பொறித்திருப்பார்கள். அது தெரியாமல் ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டித் திருகி ஸ்டட்டை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைத்த பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, புறங்கையால் ஹப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடியும் கழற்றுங்கள்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், ஏலத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். பட்டாளப் பச்சை நிறத்தையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. எனக்கு அதை மாற்ற மனமே வரவில்லை, ஆனாலும் சாம்பல் அடித்தேன்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி வழியாகப் போகிறவர்கள் கித்தான் கூடாரத்தையும் வளைவுக் கம்பிகளையும் கழற்றிவிடுங்கள். பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று கித்தானைப் பாய்மரமாக்கிவிடும்.

பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

கடைசியாக, இந்தத் தொட்டி ஆற்றில் மிதப்பதற்காகத் தண்ணீர் புகாமல் செய்யப்பட்டது. உள்ளே விழும் மழையும் அதே காரணத்தால் வெளியே போகாது. அடியில் இரண்டு வடிகால் அடைப்பான்கள் இருக்கின்றன. வீட்டில் நிறுத்தும்போது இரண்டையும் திறந்து, மூக்கைச் சற்று உயர்த்தி வையுங்கள்.