கயிற்றுக் கட்டு பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷிபாரி, கின்பாகு என்று ஜப்பானில் வழங்கும் கயிற்றுக் கட்டு, வயதுவந்த இருவர் மனமொப்பி, ஒருவரை மற்றவர் கயிற்றால் கட்டும் அந்தரங்க விளையாட்டு. கைதிகளைக் கட்டுவதற்கு அங்கே ஒரு காலத்தில் இருந்த ஹோஜோஜுட்சு முறையோடு இதற்கு உறவு உண்டு. இன்று பலரும் வீடியோ பார்த்து வீட்டிலேயே பழகுகிறார்கள். வீடியோவில் முடிச்சு தெளிவாகத் தெரியும். தோலுக்கு அடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்பது தெரியாது. வாரக்கணக்கில் அவதிப்பட வைக்கும் காயம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

புதிதாகப் பழகுபவர்கள் ரத்த ஓட்டத்தை மட்டும்தான் கவனிக்கிறார்கள். கை நீலமாகிறதா, சில்லென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். ஆனால் சிறிது நேரம் ரத்தம் தேங்கிய கை, கட்டைத் தளர்த்தியதும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். நரம்பு அப்படியல்ல. சரியில்லாத இடத்தில் கயிறு பதிந்தால் சில நிமிடங்களிலேயே அது அடிபடலாம். கையின் நிறம் மாறியிருக்காது. சில சமயம் வலியும் இருக்காது. அதனால் ‘வலித்தால் சொல்’ என்று மட்டும் சொல்லி வைப்பது போதவே போதாது.

குறிப்பாக ரேடியல் நரம்பு. இது மேற்கையின் பின்புறம் எலும்பை ஒட்டியே வளைந்து வெளிப்பக்கமாக இறங்குகிறது. கைகளைப் பின்னால் மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டும் ‘தகாதே கோதே’ கட்டில் கயிறு வந்து உட்காருவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். நரம்பு நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். குடித்துவிட்டு நாற்காலி விளிம்பில் கையைப் போட்டபடி தூங்கியவருக்குக் காலையில் வருவதும் இதே பாதிப்புதான். குணமாக வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள். நரம்பு ஓடும் தடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்பதால், ஒருவருக்கு ஒத்துக்கொண்ட இடம் இன்னொருவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

சரி, எப்படிச் சோதிப்பது? கட்டுவதற்கு முன்பே ஒருமுறை, கட்டிய பிறகு அடிக்கடி, கட்டப்பட்டவர் மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைக்கட்டும், விரல்களை விரிக்கட்டும், கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கையில் மெல்ல வருடி, உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்துப்போனாலோ, ஊசி குத்துவது போலவோ மின்சாரம் பாய்வது போலவோ இருந்தாலோ, பலம் குறைந்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். ‘இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்ற பேச்சே வேண்டாம். மணிக்கட்டின் உட்புற மடிப்பு, முழங்கையின் உட்பக்கம், அக்குள், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் கயிறு அழுந்தக் கூடாது. கழுத்தில் கயிறு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அப்புறம் கயிறு. வீட்டில் கிடக்கும் நைலான் கொடிக்கயிறு வழுக்கும், முடிச்சு நகரும், வேகமாக இழுத்தால் தோலைச் சுட்டுவிடும். தேங்காய் நார்க் கயிறு தோலைக் கிழிக்கும். 6 மில்லிமீட்டர் தடிமனில், பதப்படுத்திய சணல் கயிறுதான் பலரும் விரும்புவது. பருத்திக் கயிறும் தொடக்கத்துக்குப் பரவாயில்லை. ஆனால் எடை விழுந்தால் அதன் முடிச்சு இறுகி, அவிழ்க்கவே வராது. ஒற்றைச் சுற்று மெல்லிய கோடாக அழுத்தும். குறைந்தது இரண்டு சுற்றுகளைப் பக்கம் பக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வையுங்கள். உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சு உடம்பில் கூடவே கூடாது. ஒரு கையை மட்டும் சுற்றிக் கட்டும், இழுத்தாலும் இறுகாத முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள்.

முனை மழுங்கிய முதலுதவிக் கத்தரி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கயிறு விலை அதிகம் என்று வெட்டத் தயங்குவதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை.

கட்டப்பட்டவரை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட அறையை விட்டுப் போகக் கூடாது. நிற்பவர் மயங்கி விழலாம்; குப்புறப் படுத்தவருக்கு மூச்சுத் திணறலாம். மது அருந்தியிருந்தால் அன்றைக்குக் கயிறே வேண்டாம். பழைய தோள் காயம், சர்க்கரை நோயால் வரும் மரமரப்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இதையெல்லாம் முன்னாலேயே பேசிவிடுங்கள். எது வேண்டாம் என்பதையும், ‘சிவப்பு’ என்று சொன்னால் அந்த நொடியே நிறுத்துவது என்பதையும் கயிற்றை எடுப்பதற்கு முன் முடிவு செய்யுங்கள். பேச முடியாத நிலைமைக்குக் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுங்கள்; அது கீழே விழுந்தால் நிறுத்த வேண்டும். அந்தரத்தில் தொங்கவிடுவதை வீடியோ பார்த்துப் பழகவே கூடாது. அனுபவம் உள்ளவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டிய வேலை அது.

அவிழ்த்த பிறகும் மணிக்கட்டு எழும்பாமலோ, மரமரப்பு போகாமலோ இருந்தால் கையை அழுத்திப் பிசைந்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட்டு வேறு கதை சொல்ல வேண்டாம். கயிறு எந்த இடத்தில், ஏறக்குறைய எவ்வளவு நேரம் அழுத்தியது என்று சொன்னால்தான் அவரால் சரியாகப் பார்க்க முடியும்.