முகம் தெரியாத நண்பரை முதல் தடவை நேரில் சந்திக்கப் போகிறீர்களா?

பேஸ்புக்கிலோ வட்ஸ்அப் குழுவிலோ மாதக்கணக்காகக் கதைத்த ஒருவரை நேரில் பார்த்ததும் பலருக்கு ஒரு தடுமாற்றம் வரும். "இவர் இப்படி இருப்பார் என்று நினைக்கவில்லையே" என்று மனம் ஒரு கணம் பின்வாங்கும். எதிரே நிற்பவர் பொய் சொன்னதால் இது நடப்பது குறைவு. ஒரு சின்ன வட்டப் படம், சில குரல் பதிவுகள், எழுதும் நடை. இவற்றை வைத்து நாமே ஒரு ஆளை உருவாக்கி, அந்த ஆளைத் தேடிக்கொண்டுதான் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவுக்குப் போகிறோம். வந்தவரோ வேறொருவர். அவர் எந்தக் குற்றமும் செய்யாமலே நம் பார்வையில் குறைந்துபோகிறார். அந்தக் கற்பனை ஆளைச் சந்திப்புக்கு முன்பே கலைத்துவிடுவது எப்படி என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

படத்தில் எது மாறுகிறது

முதலாவது, தூரம். கையை நீட்டி எடுக்கும் செல்பியில் கமரா முகத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரில் இருக்கும். மூக்கு நுனி, காதைவிட 10 சென்ரிமீற்றருக்கு மேல் கமராவுக்குக் கிட்ட இருக்கிறது. 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இது மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஒன்றரை மீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் செல்பியில் மூக்கு பெருத்து, கன்னம் ஒடுங்கி, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். 2018இல் அமெரிக்க முகச் சத்திரசிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் வந்த கணக்குப்படி, 30 சென்ரிமீற்றரில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி, ஒன்றரை மீற்றரில் எடுத்ததைவிட ஆண்களுக்கு 30 வீதமும் பெண்களுக்கு 29 வீதமும் அகலமாகத் தெரிகிறது. ஒருவரைச் செல்பியில் மட்டும் பார்த்திருந்தால் மனதுக்குள் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: நேரில் முகம் இன்னும் அகலம், மூக்கு சிறிது, காது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, இடம் வலம். சில போன்கள் முன்கமராப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமிக்கும், சில திருப்பிச் சேமிக்கும். இடக் கன்னத்து மச்சம் இன்னொரு படத்தில் வலக் கன்னத்தில் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். சட்டையில் உள்ள எழுத்தையோ பின்னால் உள்ள கடைப் பலகையையோ பாருங்கள். எழுத்து இடம் வலமாக மாறியிருந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது. 1977இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனையில், ஒரே முகத்தின் இரண்டு விதப் படங்களைக் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் கண்ணாடிப் பிம்பத்தை விரும்பினார்கள், அவர்களுடைய நண்பர்கள் நேர்ப் படத்தை விரும்பினார்கள். ஒருவர் தனக்குப் பிடித்ததென்று அனுப்பும் படம், மற்றவர்கள் காணும் அவருடைய முகமாக இராது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, போன் தானாகச் செய்யும் 'அழகு'. பல போன்களின் முன்கமராவில் தோலை மழுப்பி, நிறத்தைத் தூக்கி, தாடையை ஒடுக்கும் வசதி இருக்கிறது. சிலவற்றில் வாங்கும்போதே அது போடப்பட்டிருக்கும், வைத்திருப்பவருக்கே தெரியாது. கலியாணப் பேச்சுக்கு ஸ்ரூடியோவில் எடுக்கும் படத்தில் இந்த வேலையைக் கணினி செய்கிறது. பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. மாநிறமான பிள்ளையை வெளுப்பாக்கி கனடாவுக்கோ கட்டாருக்கோ அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நாளில் அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைப்பது கொடுமை. நிறத்தைத் தொட வேண்டாம் என்று ஸ்ரூடியோக்காரரிடம் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். திருத்தாத பிரதியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு படம் போதாது என்பதற்குப் பிரித்தானியாவில் செய்து 2011இல் வெளியான பரிசோதனை ஒன்று நல்ல சான்று. நெதர்லாந்தின் பிரபலங்கள் இருவரின் படங்கள், ஆளுக்கு 20ஆக, மொத்தம் 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த முகங்களை அறியாதவர்கள் சராசரியாக ஏழெட்டுப் பேர் இருப்பதாகப் பிரித்தார்கள். நெதர்லாந்துக்காரருக்கோ அது இரண்டு பேர்தான் என்பது சுலபமாகத் தெரிந்தது. பழகிய முகம் எந்த வெளிச்சத்திலும் தெரியும், பழகாத முகம் படத்துக்குப் படம் வேறாகத் தெரியும்.

குரலும் எழுத்தும்

குரலை வைத்து ஆணா பெண்ணா என்றும், வயதை ஓரளவுக்கும் ஊகிக்கலாம். உயரத்தை ஊகிக்க முடியாது. கனத்த குரலுள்ள ஆண் உயரமாக இருப்பார் என்ற நினைப்பு பெரும்பாலும் பிழைக்கும், ஏனென்றால் வளர்ந்த ஆண்களிடையே குரலின் கனத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு.

நம் பக்கத்தில் இன்னொரு பொறியும் உண்டு, பேச்சு வழக்கு. யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டதும் மட்டக்களப்பில் ஒருவருக்குத் தான் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞாபகத்துக்கு வரலாம். காத்தான்குடிப் பேச்சு பழகிய கடை முதலாளியையும், மலையகப் பேச்சு கூட வேலை செய்த ஒருவரையும் நினைவூட்டலாம். அந்தத் தெரிந்த முகத்தின் சாயலைப் புதியவருக்கு ஒட்டிவிடுகிறோம். எழுத்திலும் இதேதான்: செந்தமிழில் எழுதுபவர் வயதானவர், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர் சின்னப் பொடியன் என்று எண்ணிக்கொள்வோம். நீங்கள் 'தம்பி' என்று கூப்பிட்டுவந்தவர் உங்களைவிடப் பத்து வயது மூத்தவராக வந்து நின்றால் இருவருக்கும் சங்கடம். "உங்களை அண்ணன் என்று கூப்பிடுறதா, தம்பி என்று கூப்பிடுறதா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். முஸ்லிம் நண்பரென்றால் 'நானா'வா (அண்ணனா) தம்பியா என்று கேட்கலாம். வயதைக் கேட்டதாகவும் ஆகும், மரியாதையாகவும் இருக்கும்.

சந்திப்புக்கு ஒரு கிழமை முன்பு

ஒரு தாளை எடுத்து, அவரைப்பற்றி மனதில் உள்ள தோற்றத்தை எழுதுங்கள்: உயரம், உடல்வாகு, வயது, நிறம், நடை, உடுப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். 'படம்', 'குரல்', 'அவரே சொன்னது', 'நானாக நினைத்தது' என்ற நான்கில் ஒன்றுதான் வரும். கடைசி வகையில் எத்தனை வருகிறது என்று பாருங்கள். அவற்றை வெட்டிவிட்டு, 'தெரியாது' என்று எழுதுங்கள். இதை மனதுக்குள் செய்தால் பலிக்காது, மனம் ஊகத்தையும் பார்த்ததையும் பிரித்து வைப்பதில்லை. எழுதினால்தான் பிரியும்.

'அவரே சொன்னது' என்ற வரிசையையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். நியூயோர்க்கில் இணையத்தில் துணை தேடிய 80 பேரின் உயரம், நிறை, வயது ஆகியவற்றை அளந்து, அவர்கள் எழுதியதோடு ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. 81 வீதமானோர் ஏதாவது ஒன்றைக் கூட்டியோ குறைத்தோதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் வித்தியாசம் பெரும்பாலும் சிறியது. நிறையைத்தான் அதிகம் மாற்றியிருந்தார்கள், வயதைக் குறைவாக. எனவே சில கிலோ கூடக் குறைய இருப்பதை ஏமாற்று என்று எடுக்க வேண்டாம்.

பிறகு, இருவரும் ஒரு புதுப் படத்தைப் பரிமாறிக்கொள்ளுங்கள். எடுக்கும் முறை இது:

1. பின்கமரா. இன்னொருவர் எடுக்கட்டும். ஆளில்லாவிட்டால் போனை எங்காவது சாய்த்து வைத்து நேரக் கணிப்பானைப் போடுங்கள்.
2. முகப் படத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தூரம். முகம் சிறிதாக விழுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம், கிட்டப் போகக்கூடாது. 0.5 என்று காட்டும் அகலக் கமரா வேண்டாம். ஆள் நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் நின்றால் உடல் இழுபட்டுத் தெரியும்.
3. அழகு வசதி பூச்சியத்தில்.
4. காலை 7 முதல் 9 மணிக்குள், அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, நிழலில். உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே குழி விழுத்தும். வாவியைப் பின்னால் வைத்து எடுத்தால் தண்ணீரின் பளபளப்பில் முகம் இருண்டுபோகும்.
5. முழு உருவப் படம் ஒன்று, அளவு தெரிந்த ஒரு பொருளுக்குப் பக்கத்தில். நம்மூரில் இதற்கு ஓட்டோ நல்லது: எங்கும் ஓடும் மூன்று சில்லு ஓட்டோவின் கூரை ஏறத்தாழ 1.7 மீற்றர் உயரம். கமரா நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் உயரத்திலிருந்து எடுத்தால் குள்ளமானவரும் நெடுவலாகத் தெரிவார்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் படம் நசுங்காது. ஆனால் எங்கே, எப்போது எடுத்தது என்ற விபரமும் கோப்போடு போகும், ஆகவே கமராவின் இட அடையாளத்தை முதலில் நிறுத்துங்கள். தேசிய அடையாள அட்டையை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் தெரிந்தால் பிறந்த திகதியும் தெரிந்துவிடும்.

அடுத்தது வீடியோ கோல். இரண்டு நிமிடம் போதாது, முகம் பழகப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் 60, 70 சென்ரிமீற்றர் தள்ளி, கண் மட்டத்தில் வைத்து, யன்னலை நோக்கி இருங்கள். அவர் உங்கள் கண்ணைப் பார்க்கவில்லை என்று தோன்றலாம். அவர் திரையில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கமரா அதற்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பு மெதுவாக இருந்தால் தோலின் சுருக்கமும் நரையும் மழுங்கி, ஆள் இளமையாகத் தெரிவார். உயரம் வீடியோவில் தெரியவே தெரியாது.

ஆளே வேறோ என்ற ஐயம் இருந்தால், கோலில் தலையை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், கையை முகத்துக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள் பல தடவை இங்கே தடுமாறும், தடுமாறாத மென்பொருளும் உண்டு. படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். காதின் வடிவம், பல்லிடைவெளி, புருவ எலும்பு ஆகியவை வெளிச்சத்தாலோ நிறை கூடுவதாலோ பெரிதாக மாறுவதில்லை, ஒப்பிடுவதானால் அவற்றை ஒப்பிடுங்கள். எப்போது கேட்டாலும் கமரா பழுது என்பவரைச் சந்திக்கப் போக வேண்டாம்.

இடமும் அடையாளமும்

பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில். மட்டக்களப்பு நகரென்றால் காந்திப் பூங்கா வசதி. சிலை, மட்டக்களப்பு வாயில் என்று சுட்டிக்காட்டக்கூடிய அடையாளங்கள் கிட்டக்கிட்ட உண்டு. கல்லடிக் கடற்கரை பின்னேரத்தில் நல்ல இடம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கொழும்பிலிருந்து ரயிலில் வருபவரென்றால், மட்டக்களப்பு கடைசி நிலையம், எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். மேடையில் தேடாமல் வெளிவாசலில் நில்லுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் பஸ் நிலையத்தைத் தவிர்த்து, பெயர்ப்பலகை தெரியும் ஒரு தேநீர்க் கடையைச் சொல்லுங்கள்.

முகத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அடையாளத்தைச் சொல்லுங்கள்: "வாயிலுக்குக் கிட்ட நிக்கிறன், நீலச் சேட்டு, கையில கறுப்புக் குடை." மோட்டார் சைக்கிளில் வருபவர் இறங்கியதும் ஹெல்மட்டைக் கழற்ற வேண்டும். எங்கே, யாரை, எத்தனை மணி வரை என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், சொந்தமாகவே போய்த் திரும்புங்கள், திரும்பும் பஸ் நேரத்தை முதலே பாருங்கள். பொலிஸ் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938, சிறுவர் உதவி இலக்கம் 1929. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் போக வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

"படத்தில வேற மாதிரி இருந்தீங்க" என்ற வார்த்தை வாயில் வரும். சொல்லாதீர்கள். "படத்தைவிட வடிவா இருக்கிறீங்க" என்பதும் வேண்டாம், அதுவும் அளந்து பார்த்ததைத்தான் சொல்கிறது. நேற்று இரவு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருங்கள்.

எதிரெதிரே கதிரையில் இருந்தால் கண் முகத்தையே ஆராயும். முதலில் பக்கத்தில் பக்கத்தில் நடப்பது நல்லது. பூங்காவைச் சுற்றியோ கல்லடிப் பாலத்திலோ கால் மணித்தியாலம் நடங்கள். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது அவருடைய குரல். நடக்கும்போது அது காதுக்குக் கிட்டக் கேட்கும், முகம் இடைக்கிடை மட்டும் தெரியும், இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றுசேரும். பிறகு போய் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது முகம் அந்நியமாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எந்த வரி பிழைத்தது, அது எந்த வகை என்று குறியுங்கள். சந்திப்புக்காக அனுப்பிய படங்களை அவர் அழிக்கச் சொன்னால், உரையாடலில் அழித்தால் மட்டும் போதாது. போனின் படத்தொகுப்பிலும், அதன் குப்பைப் பெட்டியிலும், கூகுள் போட்டோஸில் தானாகச் சேமிப்பது போட்டிருந்தால் அங்கேயும் அழிக்க வேண்டும்.