தலைமன்னார் வரை போய் வாருங்கள்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வாகனம் பிடித்து, நேரே யாழ்ப்பாணம். நல்லூர், கீரிமலை, சொந்தக்காரர் வீடுகள், பிறகு கொழும்பு. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் நம்மில் பலரின் பயணம் இப்படித்தான் முடிகிறது. மன்னாருக்குப் போனாலும் திருக்கேதீச்சரத்திலோ மடுவிலோ கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறோம். இந்த முறை ஓர் இரவாவது மன்னாரில் தங்குங்கள், முடிந்தால் இரண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ32 வீதிதான் வழி. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு பூநகரி ஊடாக ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலத்தில் போய்விடலாம். போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் முழுதாகத் திறக்கப்பட்டது. ஆனால் சேவைகள் மாறிக்கொண்டிருப்பதால், கொழும்பிலிருந்து ரயிலில் வர நினைப்பவர்கள் கோட்டை ரயில் நிலையத்தில் விசாரித்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பது முக்கியம். பூநாரை காட்டலாம் என்று பிள்ளைகளை ஓர் ஓகஸ்டில் கூட்டிக்கொண்டு போனேன். வெடித்துக் கிடந்த உப்புத்தரையும் முகத்தில் அறைந்த மணலும்தான் மிச்சம். வலசைப் பறவைகள் பெருமளவில் வருவது ஒக்டோபர் அளவில்தான்; மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் காலம். தலைமன்னார்ப் பக்கம் கைட் சேர்ஃபிங் (பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) பழக வெளிநாட்டவர்கள் வருவது அந்தக் காற்றுக்காகத்தான். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா நாட்களில் அறைகள் கிடைப்பது கடினம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதிக்கு விடிய ஆறு மணிக்கே போய்விடுங்கள். இரு பக்கமும் ஆழமில்லாத நீர். அதை ஒட்டிக் கிடப்பது வங்காலைச் சரணாலயம். 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதக்கும், கருவால் மூக்கான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் வைத்து இடமும் வலமும் அசைத்தபடி நடப்பதைத் தொலைநோக்கியில் பத்து நிமிடம் பாருங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். கை தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கான மைல் பறப்பதற்கு இங்கேதான் உடம்பைத் தேற்றுகின்றன. ட்ரோனுக்கு முறையான அனுமதி வேண்டும். எல்லைக் கடல் என்பதால் கடற்படையும் விசாரிக்கும்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு (பாவோபாப்) அரை மணி நேரம் போதும். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அராபிய வணிகர் கொண்டுவந்த இனம் என்பார்கள். தண்டைத் தொட்டுப் பாருங்கள், யானைத் தோல் மாதிரி இருக்கும். 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் போகிற வழியிலேயே பார்க்கலாம். இரவில் வாகனம் ஓட்டுகிறவர்கள் கழுதைகளைக் கவனியுங்கள், நடுவீதியில் அசையாமல் நிற்கும்.

பின்னேரத்தைத் தலைமன்னாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சவீட்டின் அருகே பழைய இறங்குதுறை துருப்பிடித்து நிற்கிறது. அதன்மேல் ஏறவேண்டாம், மணலில் நின்றே பாருங்கள். நேரெதிரே சுமார் 30 கிலோமீற்றரில் தனுஷ்கோடி. 1914 முதல் ரயிலும் கப்பலும் இணைத்த பாதை இது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. தலயாத்திரைக்கும் கலியாணச் சேலை எடுக்கவும் நம் அம்மம்மாக்கள் கப்பலேறிய துறை. 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால், பிறந்த மண்ணை விட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு காத்திருந்ததும் இங்கேதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் படிக்கும் பள்ளிப் புத்தகத்தில் இது இருக்காது.

இந்தக் கரையில் கைபேசி சிலவேளை இந்தியச் சிக்னலைப் பிடித்துவிடும். றோமிங்கை முன்பே நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் பில் எகிறும்.

இராமர் அணையின் மணல் திட்டுகளைப் பார்க்க ஆசை வரும். இலங்கைப் பக்கத்துத் திட்டுகள் 2015 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக் கோடும் அந்தக் கடலில்தான் போகிறது. வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டு, அனுமதியுள்ள படகில், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு மட்டும் போங்கள். தெரிந்த மீனவர் "வாங்கோ அண்ணை, கொண்டுபோய்க் காட்டுறன்" என்று அன்பாகக் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் போவது அவருடைய வள்ளம்.

அடுத்த நாள் காலையில் தெற்கே அரிப்பு என்ற ஊருக்குப் போங்கள். முத்துக்குளிப்பை மேற்பார்க்கவென்று பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகையின் எச்சம் கடலோரச் செம்மண் மேட்டில் நிற்கிறது. அலை அரித்து மேடு சரிந்துகொண்டே வருகிறது. ஆகவே விளிம்பில் நின்று படம் எடுக்கவேண்டாம். போகும் வழியில் எங்காவது மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அதற்கு அப்பால் கால் வைக்காதீர்கள்.

கருவாடு வாங்காமல் மன்னாரை விட்டு வரமாட்டீர்கள் என்று தெரியும். பேசாலையில் வாங்குங்கள். விரலால் அழுத்தினால் அமுங்காமல், உப்புப் பூத்திருந்தாலும் புளித்த மணம் இல்லாமல் இருக்கவேண்டும். விமானத்தில் கொண்டுபோவதென்றால் நீங்கள் வாழும் நாட்டின் சுங்க விதியை முதலில் பாருங்கள். ஆமையிறைச்சி, ஆவுளியா (கடற்பசு) இறைச்சி என்று யாராவது காதோடு சொன்னால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சட்டம் காக்கும் உயிர்கள். ஆவுளியா இந்தக் கடலில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன.