சுகாதாரப் பொருளாதார வேலை: சறுக்கும் இடங்கள்

மருத்துவத்துக்கான பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஆராயும் சுகாதாரப் பொருளாதாரம் படித்தவர்கள் பலர் பல்கலைக்கழகத்துக்கும் உலக வங்கி போன்ற அமைப்புகளுக்கும் இடையே மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். சறுக்குவது பெரும்பாலும் அப்படி இடம் மாறும்போதுதான்.

முதலில், ஒரே விகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. ஆரோக்கியமான ஓர் ஆண்டு வாழ்வைக் காப்பாற்ற ஆகும் செலவு, நாட்டின் தலா உள்நாட்டு உற்பத்தியைப் (மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது) போல மூன்று மடங்குக்குள் இருந்தால் அந்தச் சிகிச்சை செலவுக்குத் தகும் என்று எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களே, இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஒரு மருந்துக்கு நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 300 டாலர் ஆகிறது, நோயாளிகள் 1 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3 கோடி டாலர். அமைச்சகத்தின் மருந்து பட்ஜெட்டே 5 கோடிதான் என்றால்? விகிதம் அழகாகத்தான் இருக்கும், மற்ற மருந்துகளுக்குக் காசு இருக்காது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் இதைக் கேட்காமல் விடலாம். நிதித்துறை அதிகாரியின் முதல் கேள்வியே இதுதான். ஆகவே விகிதத்துக்குப் பக்கத்திலேயே மொத்தச் செலவையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், பாடப்புத்தக ஊகத்தை அப்படியே களத்துக்குக் கொண்டுபோவது. "இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், கொஞ்சமாவது காசு வாங்க வேண்டும்" என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான கொசுவலையை வைத்து பொருளாதார ஆய்வாளர்கள் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டியூபாவும் இதைச் சோதித்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. விலையைப் பூஜ்யத்திலிருந்து 0.60 டாலராக ஏற்றியதுமே வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் வலையைக் குறைவாகப் பயன்படுத்தவும் இல்லை. இதுவும் ஒரு நாட்டில், ஒரு பொருளுக்குக் கிடைத்த முடிவுதான். எல்லாச் சிகிச்சைக்கும் இதையே மந்திரம்போல ஓதுவது அடுத்த தவறு.

காலம் தவறுவதும் உண்டு. பட்ஜெட் முடிவான மறுவாரம் வந்துசேரும் அருமையான அறிக்கையை யாரும் புரட்டப் போவதில்லை.

கடைசியாக, ஆலோசகர் ஒப்பந்தம். சம்பளத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையாக வெளியிட அனுமதி உண்டா என்ற பத்தியைப் படிப்பதே இல்லை. இரண்டு வருட உழைப்பு, பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது பெயர் சொல்ல ஒரு கட்டுரைகூட இருக்காது. அந்தப் பத்தியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அதையும் கையெழுத்துக்கு முன்னால்தான் கேட்க வேண்டும்.