சிவப்பு கேலிப்பர் கடைசியில்தான்: கடலோர ஊரில் செடான் பிரேக் வேலை

கொஞ்சம் வேகமான செடான் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஆறு மாதத்தில் வரும் ஆசை ஒன்று உண்டு, முன் சக்கரத்தில் பெரிய பிரேக் டிஸ்க், அதற்கு மேல் சிவப்பு பெயின்ட் அடித்த கேலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம். எனக்கும் வந்தது. என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல், 180 குதிரைத்திறன், வாங்கும்போதே பழைய வண்டி. அந்த ஆசை தெளிந்தது கொல்லிமலையில்.

எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறும்போது கெத்தாகத்தான் ஏறினேன். இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியரை D-யிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். பாதி மலைக்குக் கீழே வந்ததும் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்த பிறகுதான் பிடித்தது. ஓரமாக நிறுத்தினால் நான்கு சக்கரத்திலும் கருகிய வாசனை. ஊருக்கு வந்து திறந்து பார்த்தால் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் நன்றாகவே இருக்கிறது, டிஸ்க்கும் பரவாயில்லை. பிரேக் ஆயில்தான் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. முந்தைய ஓனர் அதை ஒரு தடவைகூட மாற்றியிருக்க மாட்டார்.

அதனால் காசு செலவழிக்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆயில், அப்புறம் கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின் (pin) சுத்தம், அப்புறம் டயர், அப்புறம் பேட். டிஸ்க்கும் கேலிப்பரும் கடைசி. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடைசி வரவே வராது.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் வேலை. 1,400 கிலோ வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒரே மிதியில் நிறுத்தினால் வரும் சூட்டில் ஒன்றேமுக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து டீ போடலாம். வேகம் 60-லிருந்து 100 ஆனால் இந்தச் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டிஸ்க் அதைக் காற்றில் விடுகிறது, விட முடியாதது பேட் வழியாக அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். புது டாட் 4 (DOT 4) ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 4-க்கு வரம்பு 155 தான். கொதித்தால் குமிழ் வரும், குமிழ் அமுங்கும், பெடல் பஞ்சாகும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன.

எனவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றம், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். நல்ல டாட் 4 போதும், மலைக்கு அடிக்கடி போகிறவர் டாட் 5.1 போடலாம், புதிதில் 260, ஈரம் ஏறிய பிறகு 180. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான், பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். திறந்து ஒரு வருடம் அலமாரியில் இருந்த பாதி டப்பாவும் வேண்டாம்.

ஆயில் மாற்றும்போது குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் கேலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து ஆயிலை விட்டு மூட, அதன் பிறகுதான் முதலாமவர் காலை எடுக்க வேண்டும். நான் என் மச்சானை உட்காரவைத்தேன், "விடலாமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே விட்டுவிட்டார், காற்று உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மேலே டப்பாவில் ஆயில் MIN என்று போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட் போய்விடும்.

அடுத்தது ஸ்லைடு பின். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வண்டி நிற்கிறது என்றால், புதுச்சேரி முத்தியால்பேட்டையோ கடலூர் தேவனாம்பட்டினமோ, இதுதான் உங்கள் முதல் எதிரி. மிதக்கும் வகைக் கேலிப்பர் இரண்டு பின் மேல் நகர்கிறது. உப்புக் காற்றில் ரப்பர் உறை விரிந்து தண்ணீர் உள்ளே போனால் பின் இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சக்கரம் ஒன்று மட்டும் சூடாகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது என் வண்டி சக்கரத்தின் பாதி வரை தண்ணீரில் நின்றது. அப்புறம் காய்ந்தது, ஓடியது, நானும் மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பின்பக்க இடது பேட் இரும்பு வரை தேய்ந்திருந்தது. வலது பக்கம் பாதிகூடத் தேயவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியை நான்கு சக்கரமும் கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

சுத்தம் செய்வது சுலபம்தான், அவசரப்படாமல் செய்தால். சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கி மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். கேலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பின்னை உருவி, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, துரு இருந்தால் புதுப் பின். கிரீஸ் போடுகிற வகையாக இருந்தால் பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் மட்டும், பேரிங்குக்குப் போடும் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். சில வண்டியில் கிரீஸே போடாதே என்று மேனுவலில் இருக்கும், அங்கே வெறும் துடைப்பு போதும். வருடத்துக்கு ஒரு முறை, கடலோரத்தில் மட்டும் இரண்டு முறை, மழைக்கு முன் ஒன்று, பொங்கலுக்குப் பின் ஒன்று.

காலையில் டிஸ்க் மேல் செம்மஞ்சள் துரு படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், முதல் இரண்டு மிதியில் போய்விடும். மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரத்தோடு இழுத்து நிறுத்திய பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

பேட் விஷயத்தில் மெக்கானிக் "இன்னும் பத்தாயிரம் ஓடும் தம்பி" என்றாலும் உரசும் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ரேஸ் பேட் வாங்காதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும், ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் குறுக்கே ஸ்கூட்டர் வரும்போது அது ஜில்லென்று இருக்கும். நல்ல தெருப் பேட், கம்பெனி பேடைவிட ஒரு படி மேல், அவ்வளவு போதும். உள்ளூர் சரக்கு மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல், ரானே கம்பெனியின் பிரேக் லைனிங் ஆலை புதுச்சேரியிலேயே இருக்கிறது.

புதுப் பேட் மாட்ட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேல் டப்பா வழிகிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் கேலிப்பரிலேயே இருந்தால் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும், சும்மா அழுத்தினால் உள்ளே உடையும். எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனர் வைத்து சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் கை வைக்காதீர்கள். மாட்டிய பின் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்து வீட்டுச் சுவரில் இடித்தவர்களை எனக்குத் தெரியும்.

புதுப் பேடைப் பழக்க விடியற்காலை ஐந்தரைக்குக் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் பக்கம் போவேன், முன்னும் பின்னும் ஆள் இல்லாத நீளமான ரோடாகப் பார்த்து. மாடு படுத்திருக்கும், ஜாக்கிரதை. 60-லிருந்து 10 வரை அழுத்தமாக, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு பெடலை மிதித்து நின்றால் பேட் பொருள் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும், அப்புறம் ஸ்டியரிங் உதறும், எல்லாரும் "டிஸ்க் பெண்டு" என்பார்கள். பல சமயம் பெண்டு கிடையாது, இந்த அப்பல்தான், அல்லது டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்க அதன் மேலேயே டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். லேத்துக்குக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனைப் பாருங்கள். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் புதுசுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க். அப்போதும் அதே மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே போட்டிருக்கும் செட்டைத் தேடுங்கள், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்-ஸும் அதோடு ஒத்துப்போகும், கையிலிருக்கும் அலாய் வீலுக்குள் நுழையுமா என்பதையும் முதலிலேயே அளந்துவிடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஓட்டையிலிருந்து விரிசல் விடும், எனக்கு வேண்டாம். இழைக் கம்பி சுற்றிய ஹோஸ் பெடலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், பழைய ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் அந்தச் சாக்கில் மாற்றலாம்.

டயர் வழுக்கினால் எந்த பிரேக்கும் உதவாது. ஆறு வருடமாகி இறுகிப்போன டயர் மேல் பெரிய கேலிப்பர் மாட்டினால் ஏபிஎஸ் இன்னும் சீக்கிரம் துடிக்கும், வேறொன்றும் நடக்காது.

போன டிசம்பரில் மறுபடி கொல்லிமலை போனேன். அதே டிஸ்க், கம்பெனி கேலிப்பர், புது ஆயில், நல்ல பேட், இறங்கும்போது கையால் இரண்டாவது கியர். காரவள்ளி அடிவாரத்தில் நிறுத்தி டீ குடித்துக்கொண்டே சக்கரத்துப் பக்கம் மூக்கை நீட்டிப் பார்த்தேன், வெறும் மண் வாசனைதான். கேலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் வாங்கி வைத்தது மட்டும் இன்னும் ஷெட்டில் இருக்கிறது.