பதின்வயதில் பைபோலார்: முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்

பதின்வயதுப் பிள்ளை எரிந்து விழுவதும், கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை என்பதை மட்டும் வைத்து, அளவுமீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் என்ற மனநோய் என்று சொல்லிவிட முடியாது. பைபோலாரில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். பிறகு பழையபடி ஆகும், அல்லது எதிர்ப்பக்கம் சாயும். உங்கள் பிள்ளை வழக்கமாக எப்படி இருக்கும், எந்தத் தேதியிலிருந்து மாறியது என்பதுதான் முக்கியம்.

தூக்கத்தில் தொடங்குங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பரீட்சைக்காகவோ போனுக்காகவோ விழித்த பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை புரண்டு புரண்டு படுத்து, அலுப்போடு எழும். சிலர் நாள் முழுக்கத் தூங்குவதும் உண்டு. மேனியா என்னும் எழுச்சி நிலையில் இருக்கும் பிள்ளையோ 3 மணி நேரம் தூங்கிவிட்டு, விடியும் முன் எழுந்து பீரோவைக் கலைத்து அடுக்கும். பகலில் ஒரு கொட்டாவிகூட வராது. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. இரண்டாவது வகை தொடர்ந்து மூன்று நான்கு இரவு நீடித்தால் அலட்சியம் வேண்டாம்.

அதே நாட்களில் வேறு என்னென்ன மாறின என்று பாருங்கள். பேச்சில் குறுக்கே ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. ஒன்றைச் சொல்லி முடிக்குமுன் இன்னொன்றுக்குத் தாவும். கணக்கில் தட்டுத்தடுமாறும் பையன், பாடப்புத்தகமே தப்பு, நானே புதிதாக எழுதுகிறேன் என்று ஆசிரியரிடம் மல்லுக்கு நிற்பான். அப்பாவின் போனிலிருந்து பணம் கரையும். நள்ளிரவில் பைக் கிளம்பும். கூச்ச சுபாவமுள்ள பெண், முன்பின் தெரியாதவர்களோடு பாலியல் பேச்சில் இறங்கலாம். குதூகலம் இல்லாமல் எரிச்சல் மட்டும் வெளிப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள்தான் ‘திமிர்’ என்று பெயர் வாங்கி, அடியும் வாங்குகிறார்கள்.

இந்த நிலை ஒரு வாரமாவது, பெரும்பாலான நேரம் நீடித்தால் மருத்துவர்கள் மேனியா என்பார்கள். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றிவிட்டால் நாள்கணக்குப் பார்ப்பதில்லை. 4 நாளாவது நீடிக்கும் மிதமான வடிவம் ஹைபோமேனியா. இதில் படிப்பு பெரிதாகக் குலையாது. ‘இப்பத்தான் பிள்ளை சுறுசுறுப்பா இருக்கு’ என்று வீட்டில் மகிழ்ந்துபோவார்கள்.

கோட்டைவிடுவது இங்கேதான். பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து, சாப்பாடும் பள்ளியும் வேண்டாம் என்று கிடக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறார்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய சுறுசுறுப்பை யாரும் சொல்வதில்லை. வெறும் மனச்சோர்வு என்று கருதி அதற்கான மாத்திரை மட்டும் தரப்பட்டால், சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். மாத்திரை தொடங்கியபின் தூக்கம் குறைந்து பேச்சு கூடினால் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம், மனநிலைக்கு −3 (கடும் சோர்வு) முதல் +3 (கடும் எழுச்சி) வரை ஒரு எண், அன்று நடந்தது ஒரு வரி. ‘ஓவரா ஆடுறான்’ என்று எழுதினால் மருத்துவருக்குப் பயன்படாது. ‘இரவு 1 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தான், மூன்று ஷூ ஆர்டர் செய்தான்’ என்று எழுதுங்கள். பெண் பிள்ளை என்றால் மாதவிடாய்த் தேதியும் வேண்டும். நான்கு வாரக் குறிப்பு இருந்தால் நல்லது. நிலைமை மோசமானால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். கூடவே, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் குடும்ப வரலாற்றையும் கொண்டுபோங்கள். சித்தப்பாவுக்கு மனநோய், பாட்டி தற்கொலை என்று மூடி வைத்த சங்கதிகளை அந்த அறையில் மறைக்காதீர்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடிய நோய்.

இதே வேஷம் போடும் வேறு சிலவும் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா ஆகியவை அப்படிப்பட்டவை. கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏடிஎச்டி என்ற கோளாறு 12 வயதுக்கு முன்பே தெரியும், வந்து வந்து போகாது. காதில் குரல் கேட்கிறது, தன்னில் சாமி இறங்கிவிட்டது என்று பிள்ளை சொன்னால் கோயிலுக்கோ தர்காவுக்கோ போங்கள், தவறில்லை. ஆனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓயாத பரபரப்பும் ‘செத்துப்போறேன்’ என்ற பேச்சும் ஒரே சமயத்தில் வந்தால் அது மிக ஆபத்தான கலப்பு நிலை. பூச்சிமருந்து, மாத்திரைகள், பைக் சாவி மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். தனியே விடாதீர்கள், வாதாடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் உதவி கேட்கலாம்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். பரிசோதனை நாளன்று காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகே கொடுங்கள். தண்ணீரும் உப்பும் திடீரென்று குறையக் கூடாது. தலைவலிக்கு இபுபுரோஃபென் வாங்கித் தராதீர்கள், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, நாக்குழறல் என்றால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள்.